கடிதங்கள் கொண்டுவந்த அச்சுக்கூடம்

கோடியக்கரை முனையில் திரும்பும் கடற்கரை, நாகப்பட்டினம், காரைக்காலைக் கடந்து நேர் வடக்கே தரங்கம்பாடிக்குப் போகிறது. 1620 முதல் டேனியர் வசம் இருந்த அந்தத் துறைமுகத்தில், 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் வந்திறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய மதபோதகர் அவர்.

கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார். பள்ளிக்கூடம் நடத்திய முதிய ஆசிரியர் ஒருவரை, தம் வீட்டிலேயே வகுப்பு நடத்தும்படி வேண்டிக்கொண்டார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். பேச்சுத் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் அழகப்பன் துணை நின்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708இல் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் பள்ளிகள் தொடங்கினார். டேனிய ஆளுநரோடு ஏற்பட்ட மோதலால் அந்த ஆண்டின் இறுதியில் டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார்.

இத்தனைக்கும் நடுவே ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழர் எப்படி வாழ்கிறார்கள், என்ன படிக்கிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று விரிவாக எழுதினார். அக்கடிதங்கள் 1708இல் பெர்லினில் அச்சாயின. 1709இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தன. 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே என்ற மதகுரு அவற்றைத் தொடர் வெளியீடாக்கினார். அவற்றைப் படித்தவர்கள் பணம் கொடுத்தார்கள். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையே கப்பலேற்றியது.

அது சுலபமாக வந்துசேரவில்லை. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தார்கள். உடன் வந்த அச்சுத் தொழிலாளி கடலிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் 1712இல் கரை சேர்ந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் மறு ஆண்டு வந்தன. ஆனால் உருவில் பெரியவை, தாளை விழுங்கின. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை கட்டினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிந்தது.

தமிழ் அச்சேறியது அப்போதுதான் என்றில்லை. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. ஆனால் எழுத்து வார்ப்பு, அச்சு, காகிதம் மூன்றையும் காவிரிப் படுகையிலேயே செய்துகொள்ள வழி திறந்தது தரங்கம்பாடி.

சீகன்பால்கு 1719இல், 36 வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் கல்லறை இருக்கிறது. அவர் பெயர் பாடநூல்களில் உண்டு, அது நியாயமே. அந்தக் கடிதங்களுக்கு உள்ளடக்கம் தந்தவர்களோ அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முதிய ஆசிரியரும், அழகப்பனும், சுவடி கொடுத்த ஊராரும். தமிழ் அச்சு வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இவர்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.