செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்த்திறப்பும் ஆவணத்திறப்பும்: 2015 வெள்ளப் பதிவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் வெளியேற்றப்பட்டது. அந்த அளவு இன்று யாவரும் அறிந்தது. அவ்வளவைத் தீர்மானித்த அலுவலகத் தொடர்பாடல்கள் பற்றிய வினா இன்னும் ஓயவில்லை. அரசு ஆவணங்களின் பகுதிகளை மறைத்து வெளியிடுதல், காலந்தாழ்த்தி வெளியிடுதல், முடிவைப் பதிவு செய்யாமலே விடுதல் ஆகிய மூன்றும் வரலாற்றெழுதியலுக்கு வெவ்வேறு தன்மையுடைய இழப்புகள் என்பதைச் செம்பரம்பாக்கத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: செம்பரம்பாக்கம், 2015 வெள்ளம், தகவல் அறியும் உரிமை, ஆவண மறைப்பு, மின்னஞ்சல், தணிக்கை அறிக்கை, ஆவணக் காப்பு

முன்னுரை

அரசின் ஆவணங்கள் மக்கள் பார்வைக்கு வரும்போது பெரும்பாலும் முழுமையாக வருவதில்லை. சில வரிகள் கருமையிட்டு மறைக்கப்பட்டிருக்கும். சில இணைப்புகள் நீக்கப்பட்டிருக்கும். அலுவலர்கள் தம் சொந்தக் கணக்குகளின் வழி நடத்திய கடிதப் போக்குவரத்து கோப்பிலேயே சேராதிருக்கும். கடந்தகால முடிவுகளை மீட்டெழுத முற்படும் ஆய்வாளர் இக்குறைகளை வகைபிரித்து அறிதல் இன்றியமையாதது. எவ்வகை மறைப்பைப் பின்னர் ஈடுசெய்ய இயலும், எவ்வகை மறைப்பை ஒருபோதும் ஈடுசெய்ய இயலாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இவ்வினாவுக்கு உயிரிழப்போடு தொடர்புடைய அண்மைக்காலச் சான்றாகச் செம்பரம்பாக்கம் அமைகின்றது.

ஏரியும் எழுத்தும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரி நிருவாகத்திற்கும் எழுத்துப் பதிவுக்கும் உள்ள உறவு நெடியது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியத்திற்கு அறுவர் என்ற எண்ணிக்கையும் அவற்றில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் குறிப்பிடத்தக்கது. அந்தச் சபை பிராமணக் குடியிருப்பொன்றின் அவை. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்புமைப்படுத்துதல் பொருந்தாது. கல்லில் நிலைத்தவை விதிகளே; அன்றாடக் கணக்குகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஏரிப் பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற கருத்து அங்கு எழுத்தில் நிற்கின்றது.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய செங்கல்பட்டு ஜாகீர் அளவாய்வு ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், நீர்நிலை, குடிகள் பற்றிய விவரங்களைத் தொகுத்தது. அதனோடு தொடர்புடைய ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகின்றன. இவ்வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டை ஆய்வாளர் மீட்டெழுத முடிந்தமைக்கு அக்கணக்குகள் அழியாமல் எஞ்சியதே காரணம். ஊர்க்கணக்கர் ஓலையில் எழுதியதை இன்று படிக்க இயலும்போது, 2015ஆம் ஆண்டின் முடிவுகளை நாளைய ஆய்வாளர் படிக்க இயலுமா என்ற ஐயம் இயல்பாகவே எழுகின்றது.

2015 டிசம்பர்: எண்களும் முடிவுகளும்

சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 24 அடி. ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து நகரின் தென்பகுதி வழியே கடலை அடைகின்றது. டிசம்பர் 2 காலையுடன் முடிவுற்ற 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அவ்விரவில் அடையாற்றங்கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின.

இதன்பின் எழுந்த குற்றச்சாட்டுகள் இருவகை. நவம்பர் மாதத்திலேயே ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்திருக்க வேண்டும், மேலிட ஆணைக்குக் காத்திருந்ததால் திறப்பு தாமதமாயிற்று என்பது முதல்வகை. எதிர்க்கட்சிகளும் நாளிதழ்களும் இதனை முன்வைத்தன. அன்றைய தலைமைச் செயலாளர் கே. ஞானதேசிகன் 2015 டிசம்பரிலேயே விரிவான அறிக்கை வெளியிட்டு இதனை மறுத்தார். நீர்த்திறப்பு விதிமுறைகளின்படி நடந்தது, மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்கும் தேவை பொறியாளர்களுக்கு இல்லை என்பது அவ்வறிக்கையின் சாரம்.

இரண்டாம் வகை, இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) அறிக்கையில் வெளிப்பட்டது. ஏரியில் மேலும் நீரைத் தேக்க இடமிருந்தும் வெளியேற்றம் 29,000 கன அடியாக உயர்த்தப்பட்டது என்பது அதன் திறனாய்வு. 289 பேர் உயிரிழந்த அப்பேரிடரை மனிதரால் விளைந்ததென அது வகைப்படுத்தியது.

இவ்விரு குற்றச்சாட்டுகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஒன்று முன்கூட்டித் திறக்கவில்லை என்கின்றது. மற்றொன்று திறந்த நாளில் அளவுக்கு மீறித் திறந்தனர் என்கின்றது. இரண்டும் ஒருங்கே உண்மையாகவும் இருக்கலாம். இவற்றுக்கிடையே தீர்ப்பளிக்க நீர்வரத்து, வெளியேற்றப் பதிவேடுகள் மட்டும் போதா. அந்தந்த மணியில் எந்த வானிலை முன்னறிவிப்பு யார் மேசையில் இருந்தது, கரையின் பாதுகாப்புக் குறித்து என்ன கருத்து எழுந்தது, எந்தக் காரணத்தால் ஓர் அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது, கீழ்க்கரை மக்களுக்கு எச்சரிக்கை எவ்வழியில் சென்றது என்பன தெரிய வேண்டும். இவற்றுக்கான சான்று கோப்புக் குறிப்பு, கடிதம், மின்னஞ்சல், தொலைபேசிச் செய்தி ஆகியவற்றில்தான் இருக்கக்கூடும். பழி சுமத்துவோருக்கு மட்டுமன்றி, நேர்மையாகக் கடமையாற்றிய பொறியாளருக்கும் அத்தகைய பதிவே அரணாகும்.

தணிக்கை அறிக்கை வெளிவந்த காலம்

2016 மார்ச்சுடன் முடிந்த ஆண்டுக்குரியதும் 2017ஆம் ஆண்டின் வரிசை எண் பெற்றதுமான அத்தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். அரசமைப்பின் 151ஆம் உறுப்பு, மாநிலக் கணக்குகள் பற்றிய தணிக்கை அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்பட வேண்டும், அவர் அதனைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்ய வேண்டும் என்று கூறுகின்றது. எத்தனை நாளுக்குள் என்ற வரையறை அதில் இல்லை. அவையில் வைக்கப்படும்வரை அது பொது ஆவணம் ஆவதில்லை. சட்டமன்ற உரிமை மீறலுக்கு இடந்தரும் தகவலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(சி) பிரிவு விலக்குவதால், அவ்வழியில் முன்னதாகப் பெறுதலும் அரிது. வெள்ளத்தின் நினைவு மங்கிய பின் வரும் அறிக்கை நிருவாகத் திருத்தத்திற்குப் பயன்படும் வாய்ப்புக் குறைவு. வரலாற்றாசிரியர்க்கு அது முழுமையாகக் கிடைத்துவிடுகின்றது. காலத்தாழ்வு சமகாலத்தார்க்கு இழைக்கும் தீங்கும் பிற்காலத்தார்க்கு இழைக்கும் தீங்கும் ஒத்த அளவின அல்ல.

மறைத்து வெளியிடல்: சட்டத்தின் நிலை

இந்தியாவில் ஆவண மறைப்பின் அடித்தளம் 1923ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம். தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு (1997). எனினும் அச்சட்டம் விதிவிலக்குகளின் மிகுதியால் திறனாய்வுக்குள்ளானது. 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் 22ஆம் பிரிவின்வழி 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை விஞ்சி நிற்கின்றது.

அதன் 2(எஃப்) பிரிவு ‘தகவல்’ என்பதன் வரையறையில் பதிவேடு, கருத்துரை, சுற்றறிக்கை ஆகியவற்றோடு மின்னஞ்சலையும் நாட்பதிவேட்டையும் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளது. ஏரியின் நீர்மட்டப் பதிவேடும் அதுபற்றிய மின்னஞ்சலும் சட்டத்தின் பார்வையில் ஒரே தகுதியுடையன. 10ஆம் பிரிவு, விலக்குப் பெற்ற பகுதியைப் பிரித்து நீக்கி எஞ்சியதை வழங்கக் கூறுகின்றது. அவ்வாறு நீக்கும்போது காரணத்தையும், முடிவெடுத்த அலுவலரின் பெயர், பதவியையும், மறுஆய்வு கோரும் உரிமையையும் விண்ணப்பதாரருக்கு எழுத்தில் தெரிவித்தல் கட்டாயம். முறைப்படி செய்யப்பட்ட மறைப்பு தன்னைப்பற்றிய ஆவணத்தையும் உடன் உருவாக்குகின்றது என்பது இதன் பொருள்.

தனிமனித மறைவுரிமை இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் நியாயமான கோரிக்கை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆர். ராஜகோபால் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. அதே வேளையில், பொது ஆவணங்களில் இடம்பெற்றவற்றை வெளியிடுதலையும், அரசு அலுவலரின் பணி சார்ந்த செயல்களை விமரிசித்தலையும் அது காத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவும் பொதுப்பணியோடு தொடர்பற்ற தனித்தகவலையே முதன்மையாக விலக்கியது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற அளவிலேயே மறுக்க இடமளித்தது. இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மிகும்போது வெளியிட இடந்தரும் 8(2) பிரிவு எஞ்சியுள்ளது. ஆனால் அந்நலனை எடைபோடும் பொறுப்பு மறைக்கும் அலுவலகத்திடமே முதலில் சேர்கின்றது.

தனிக்கணக்கின் மின்னஞ்சல்

தனிக் கணக்கில் நடந்த அரசு அலுவல் பற்றிய சிக்கலுக்கு அமெரிக்க வரலாறு தெளிவான சான்று தருகின்றது. வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ஹிலாரி கிளிண்டன் தனிக் கணக்கைப் பயன்படுத்தினார். 2014 டிசம்பரில் சுமார் 30,000 மின்னஞ்சல்கள், 55,000 பக்கங்களாக அச்சிடப்பட்டு அத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய அதே மாதங்களில், நீதிமன்ற ஆணையின்படி அவை தவணைகளில் வெளிவந்துகொண்டிருந்தன. மறைக்கப்பட்ட ஒவ்வோரிடத்திலும் எந்த விலக்கின்கீழ் மறைக்கப்பட்டது என்ற குறியீடு இருந்தது. அம்மறைப்புகளைப் பற்றி வழக்காட முடிந்தது. சொந்த அஞ்சல்கள் என ஒதுக்கப்பட்ட எஞ்சிய பகுதியைப் பிரித்தவர்களோ அவருடைய வழக்கறிஞர்களே. அங்குக் கருமையிட்ட வரியும் இல்லை, குறியீடும் இல்லை.

பிரித்தானியத் தகவல் ஆணையர் 2011இல், தனிக்கணக்கில் நடந்தாலும் அரசு அலுவல் சட்டத்தின் வரம்புக்குட்பட்டதே என வழிகாட்டினார். இந்தியச் சட்டம் பொது அதிகார அமைப்பின் கையிருப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலுக்கு உரிமை தருகின்றது. நள்ளிரவில் ஓர் அலுவலரின் கைப்பேசியிலிருந்து மற்றொருவருக்குச் செல்லும் குறுஞ்செய்தி அக்கட்டுப்பாட்டில் உள்ளதா என்பது பேரிடர்க் காலத்திற்கு மிக இன்றியமையாத வினா.

பெருவழியின் ஒப்பந்தம்

திருப்பெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கியே வருகின்றது. ஏரியின் மேற்கே திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகள் சிப்காட் நிலங்களில் வளர்ந்துள்ளன. இப்பகுதியின் தொழில் ஒப்பந்தங்களும் ஆவணத்திறப்பின் பயனுக்குச் சான்றாகும். நோக்கியா நிறுவனத்தோடு மாநில அரசு 2005இல் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழிப் பெறப்பட்டது. அதனைக்கொண்டு மதுமிதா தத்தா 2009இல் அளித்த ஆய்வு, அரசு வழங்கிய சலுகைகளைப் பொது விவாதத்திற்குக் கொணர்ந்தது. வணிக மந்தணம் என்ற விலக்கு சட்டத்தில் இருந்தும் ஒப்பந்தம் வெளிவரக் காரணம், அது எழுதிக் கையொப்பமிடப்பட்ட ஆவணமாக அலுவலகத்தில் இருந்தமையே. இல்லாத தாளை எந்த விண்ணப்பமும் வெளிக்கொணராது.

மறைப்பின் மூவகை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூவகை மறைப்பை வரையறுக்கலாம். முதலாவது குறியிட்ட மறைப்பு. இதில் மறைத்தவர், இடம், காரணம் மூன்றும் தெரியும். மேல்முறையீட்டாலோ காலத்தாலோ நீங்கும். இரண்டாவது காலமறைப்பு. தணிக்கை அறிக்கையின் காத்திருப்பு இவ்வகையது. இறுதியில் ஆவணம் முழுமையாகக் கிடைக்கும். மூன்றாவது பதிவின்மை. இதில் மறைக்கப்பட்டது உண்டா என்பதே தெரியாது. முதலிரண்டு வகைகளைப் பற்றிய கண்டனம் பொதுவெளியில் உரத்து ஒலிக்கின்றது. ஆய்வுலகிற்குப் பேரிழப்பைத் தருவதோ மூன்றாவது வகை.

முடிவுரை

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(3) பிரிவு, நிகழ்வு நடந்து இருபது ஆண்டு கடந்தபின் பெரும்பாலான விலக்குகளை நீக்குகின்றது. இறையாண்மை, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் பற்றிய விலக்குகளே எஞ்சும். தனிநபர் தகவல், வணிக மந்தணம் ஆகியவை அக்காவலை இழக்கும். அதன்படி 2015 டிசம்பரின் நிகழ்வுகளுக்கு 2035 டிசம்பரில் அவ்வழி திறக்கும். அன்று விண்ணப்பிக்கும் ஆய்வாளருக்கு என்ன கிடைக்கும் என்பது இன்று எவை பேணப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. முடிவுற்ற கோப்புகளைக் காலவரையறைப்படி அழிக்கும் அலுவலக நடைமுறையில் பல கோப்பு வகைகளின் ஆயுள் இருபது ஆண்டை எட்டுவதில்லை. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமோ நடுவண் அரசு, ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களைச் சார்ந்தது. மாநிலப் பொதுப்பணித் துறையின் கோப்புகளைக் காக்காது.

ஆகவே, 2015 வெள்ளம் தொடர்பான கோப்புகள், நாட்பதிவேடுகள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அழிக்கத்தகாதவையென அறிவித்துத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்த்தல் உடனடித் தேவை. நீர்த்திறப்பு ஆணை எவ்வழியில் பிறந்தாலும் நேரமும் காரணமும் பெயரும் குறித்துக் கோப்பில் ஏற்றப்படும் நடைமுறையும் வேண்டும். அவற்றின் சில வரிகள் இன்று கருமையால் மூடப்பட்டே வெளிவரலாம். மூடிய வரியைப் பின்வரும் தலைமுறை படிக்கும். எழுதப்படாத வரியை எத்தலைமுறையும் படிக்காது.