பெயர்ப்பலகை எழுத்தும் காலக்கணிப்பும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றுக்குச் சிராங்கூன் சாலைக் கடைகளின் பெயர்ப்பலகைகளும் சான்றுகளாகும். ஆண்டு பொறிக்கப்படாத பலகையின் காலத்தை அதன் எழுத்து வடிவங்கொண்டு கணிக்க இயலுமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதன்வழி வடிவம் மாறியவை ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளே. ‘ஆனந்த பவன்’ (1924), ‘தமிழ் முரசு’ (1935), ‘கோமள விலாஸ்’ (1947) ஆகிய புகழ்பெற்ற பெயர்களில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. எனவே, இத்தகைய பெயர்களை மட்டும் நோக்கிக் காலம் கூறுதல் இயலாது. கடைப்பெயரின் கீழ் எழுதப்பெறும் ‘சேலை’, ‘பூமாலை’, ‘விற்பனை’ போன்ற வணிகச் சொற்களே ஆய்வாளருக்குத் துணைபுரியும்.

எனினும், துதிக்கைபோல் வளைந்த பழைய ஐகாரக் குறியை 1978க்குப் பின்னரும் ஓவியர் பழக்கத்தால் எழுதியிருக்கலாம். ஆதலின் அது முடிவான சான்றாகாது. புதிய வடிவமோ, அவ்வெழுத்து பெரும்பாலும் 1935க்கு முற்பட்டதன்று என்பதை உணர்த்தும். மறுவண்ணம் பூசப்படும்போது இச்சான்று அழிந்துவிடும். ஆகவே, பெயரை மட்டுமன்றிப் பலகை முழுவதையும் நிழற்படமெடுத்து, எடுத்த ஆண்டுடன் பதிவுசெய்தல் தமிழாசிரியரும் மாணவரும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.