37 நிகழ்வுகள்: கரடிக்கு எதிரான கைத்துப்பாக்கித் தோட்டாவின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

கரடிக் காட்டில் நடப்பவர் இடுப்பில் எந்தத் தோட்டாவுக்கான கைத்துப்பாக்கி இருக்க வேண்டும் என்ற வட அமெரிக்க விவாதத்தில், 2012க்குப் பிறகு பெரும்பாலும் ஒரே கட்டுரைதான் சான்றாக முன்வைக்கப்படுகிறது. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்டோர் எழுதியது அது. 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி உடனிருக்க நடந்த 269 மனித–கரடி மோதல்களை அவர்கள் திரட்டினர். அவற்றில் தொடர்புடையோர் 444 பேர், கரடிகள் 357. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தியபோதும் பயன்படுத்தாதபோதும் காயமுற்ற விகிதம் வேறுபடவில்லை என்பது அவர்களின் தலையாய முடிவு.

இந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் உழைப்பையோ நேர்மையையோ நான் ஐயுறவில்லை. என் மறுப்பு ஒப்பீட்டின் அமைப்பைப் பற்றியது. சுட்டவர்களையும் சுடாதவர்களையும் சமமான இரு குழுக்களாக நிறுத்த இயலாது. ஒருவர் விசையை இழுப்பது பெரும்பாலும் கரடி விலகாது என்று தெரிந்த கணத்தில். சுடாதவர்களுள் சிலர் சுடத் தேவையே எழாதவர்கள், சிலர் சுட நேரமே கிடைக்காதவர்கள். ஆபத்து மிகுந்த கணங்கள் ஒரு பக்கம் குவிந்திருக்கும்போது காயவிகிதம் சமமாக இருப்பது துப்பாக்கியின் பயனின்மையைக் காட்டுவதாகாது. அது பயனுக்கே சான்றாகவும் இருக்கக்கூடும். இரண்டில் எது என்று இந்தத் தரவைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அதோடு, காயத்தில் முடிந்த மோதல் அறிக்கையாகிறது. இரண்டு வெடிச்சத்தத்தில் ஓடிய கரடியைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை.

அந்தக் கட்டுரையில் நான் நீண்ட நேரம் நின்ற இடம் வேறொன்று. ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீள்துப்பாக்கிகள் 176 நிகழ்வுகளில் 134இல் வென்றன. இது 76 விழுக்காடு. கைத்துப்பாக்கிகள் 37இல் 31இல் வென்றன. இது 84 விழுக்காடு. கைத்துப்பாக்கியே மேல் என்பவர்கள் இந்த 84ஐ எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 31இல் மூன்றே நிகழ்வுகள் தோல்வியாக மாறியிருந்தால் 37க்கு 28, அதாவது அதே 76 விழுக்காடு. மூன்று மனிதர்களின் ஒரு பதற்றக் கணத்தில் கரைந்துவிடும் வேறுபாடு இது.

அதைவிடப் பெரிய சிக்கல் காலம். தரவு தொடங்குவது 1883இல். .357 மேக்னம் வந்தது 1935இல். ஐடஹோவைச் சேர்ந்த எல்மர் கீத் .44 ஸ்பெஷலைப் பல ஆண்டுகள் தம் கையால் கனமாக நிரப்பிச் சுட்டு வலியுறுத்தியதன் பயனாக .44 மேக்னம் பிறந்தது 1955இன் இறுதியில். அதாவது தரவின் முதல் 72 ஆண்டுகளில், இன்று கரடித் தோட்டா என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உலகிலேயே இல்லை. 84 என்ற எண் எல்லாக் காலத்துக் கைத்துப்பாக்கிகளையும் ஒரே வரிசையில் அடக்குகிறது. தோட்டாத் தேர்வைப் பற்றி அந்த எண்ணால் எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான ஆவணம் ஒன்று உண்டு. 1983இல் அமெரிக்க வனத்துறைக்காக மீஹன், தைலேனியஸ் இருவரும் கரடி நாட்டுப் பாதுகாப்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். குறுகிய தொலைவில் தோட்டாக்களைச் சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் பாய்கிறது, எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். .458 வின்செஸ்டர் மேக்னம் போன்ற ரைஃபிள்களே முன்னணியில் நின்றன. அந்த அறிக்கைக்குத் தோட்டா தெரியும். சுடுபவரின் நடுங்கும் கை தெரியாது. 2012 கட்டுரைக்குக் கை தெரியும், தோட்டா தெரியாது. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால்தான் தேர்வுக்கு ஆதாரம் கிடைக்கும்.

அந்த ஆதாரம் இல்லாத வெற்றிடத்தில் வரலாறு ஆற்றலை நோக்கி ஓடியது. 158 கிரெய்ன் குண்டுள்ள .357 மேக்னம் சுமார் 535 அடி-பவுண்டு, 240 கிரெய்ன் .44 மேக்னம் 1,000ஐ நெருங்கும், 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2,500ஐ ஒட்டியது. ஆனால் .500 ரிவால்வரின் நீண்ட குழல் வடிவம் ஏறத்தாழ இரண்டு கிலோ, தோட்டா ஐந்து. பின்னுதைப்புக்குப் பிறகு முனையை மீண்டும் கரடி மேல் கொண்டுவர ஆகும் நேரம் எந்த ஆற்றல் அட்டவணையிலும் இடம்பெறாது. 2012 கட்டுரை தோல்விக்கான காரணங்களில் நேரமின்மையை முன்வைப்பது இங்கே கவனிக்கத்தக்கது. அந்த இடத்தில் நான் அவர்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

எனவேதான் 10 மி.மீ. ஆட்டோவின் வருகையை வலிமையிலிருந்து பின்வாங்கியதாக நான் வாசிப்பதில்லை. 1983இல் பிரென் டென் கைத்துப்பாக்கியோடு பிறந்த அந்தத் தோட்டா கரடிக்காக உருவானதன்று. 1986இல் மயாமியில் தன் முகவர்கள் சிக்கிய துப்பாக்கிச்சண்டைக்குப் பின் எஃப்.பி.ஐ. அதைத் தேர்ந்தது, பின்னர் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு மாறியது. கெட்டியாக வார்த்த 220 கிரெய்ன் ஈயக் குண்டோடு அது 700 அடி-பவுண்டை ஒட்டியே நிற்கிறது; .44ஐவிடக் குறைவு. ஆனால் கிளாக் 20இன் மேகசினில் 15 தோட்டா. குண்டு விரியாமல் ஆழப் பாய்கிறது. கை மீண்டும் நிலைபெறுகிறது. வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சீரியஸ் படை துருவக் கரடிக்கு எதிராக இடுப்பில் வைத்திருப்பது இதுதான். அவர்களிடமும் .30-06 ரைஃபிள் தனியே உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆற்றலில் இருந்து ஆழத்துக்கும் எண்ணிக்கைக்கும் அளவுகோல் நகர்ந்த இந்தத் திருப்பத்துக்கு ஒற்றை ஆண்டைக் குறிக்க நான் முனையவில்லை. தனித்தனிப் பழக்கங்கள் மெல்லச் சேர்ந்து உருவான மாற்றமாகவே அது தெரிகிறது. சான்று மெலிந்த இடம் இது என்பதை ஒப்புக்கொண்டே இதை வலியுறுத்துகிறேன்.

துப்பாக்கிக்கு மாற்றாகப் பேசப்படும் மிளகுத் தெளிப்பானைப் பற்றி 2008இல் ஸ்மித், ஹெரேரோ குழுவே வெளியிட்ட ஆய்வு பழுப்புக் கரடியிடம் 92 விழுக்காடு வெற்றி காட்டியது. அதை 2012 எண்களோடு நேரடியாக ஒப்பிடுவோர் பலர். இரண்டும் வேறு வகையில் திரட்டிய தொகுப்புகள் என்பதால் அந்த ஒப்பீட்டில் எச்சரிக்கை வேண்டும். தெளிப்பானைக் கைவிட அது காரணமாகாது.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி வந்தது 2010 பிப்ரவரியில். ஸ்மித் குழுவின் தரவு முடிந்தது 2009இல். புதிய தலைமுறைத் துப்பாக்கிகள் பரவலாகக் காட்டுக்குள் நுழைந்த காலம் அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. தோட்டா, குண்டின் வகை, தொலைவு, சுட்ட எண்ணிக்கை ஆகிய நான்கையும் தனித்தனியே பதிவுசெய்யும் தொகுப்பு வரும் வரை, 84ஐயும் 76ஐயும் எவரும் எந்தத் தோட்டாவுக்கும் சாட்சியாக அழைக்கக் கூடாது.