மூன்று நியமன ஆணைகள்: கல்கத்தாவில் தொடக்கச் சம்பளம் பேசப்பட்ட கதை

1885ஆம் ஆண்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகத் தற்காலிக நியமனம் பெற்ற இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர், மாதச் சம்பளம் வந்தபோது அதை வாங்க மறுத்தார். வேலையை அவர் விடவில்லை. விடுப்பும் எடுக்கவில்லை. நாள்தோறும் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். மாத இறுதியில் பணத்தை மட்டும் தொடவில்லை. இது மூன்று ஆண்டுகள் நீடித்தது. அவர் ஜகதீச சந்திர போஸ்.

இந்நிகழ்ச்சி பள்ளிப் பாடநூல்களில் தேசபக்திக் கதையாக இடம்பெற்றுவிட்டது. அது தவறன்று. ஆயினும், தொடக்கச் சம்பளத்தைப் பற்றிய பேச்சுவார்த்தையாக அதை எடுத்து ஆராய்ந்தவர் குறைவு. வேலைக்கான ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்பதா, மறுப்பதா, கூடுதலாகக் கேட்பதா என்று எண்ணுகிற எவரும் அறியவேண்டிய நுட்பங்கள் அதில் உள்ளன. அதே நகரில், அதே கல்வி வட்டத்தில், 1889இலும் 1917இலும் வேறு இருவர் தத்தம் ஆணைகளை எடைபோட்டனர். மூவரும் மூன்று வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தனர். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலில் அவர்கள் நின்ற களத்தைச் சொல்லவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் காரன்வாலிஸ் சம்பளங்களை உயர்த்தினார். மாவட்டக் கலெக்டருக்கு மாதம் 1500 ரூபாயும், வசூலான வரியில் நூற்றுக்கு ஒரு பங்கு கழிவும் தரப்பட்டன. கையூட்டைத் தடுக்கவே இந்தத் தாராளம் என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் 1793 முதல் ஆண்டுக்கு 500 பவுனுக்கு மேற்பட்ட பதவிகள் ஆங்கிலேயருக்கே என்ற விதியும் உடன் வந்தது. நல்ல சம்பளம் நேர்மையை வளர்க்கும் என்ற கொள்கை இந்தியருக்குப் பொருந்தாது போலும்! இவ்வாறு ஒரே அலுவலகத்தில் இரண்டு சம்பள உலகங்கள் உருவாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வித் துறையிலும் இதே நிலைதான். ஒரே பாடத்தை ஒரே கட்டடத்தில் நடத்தும் இருவரில், இந்தியர்க்கு ஐரோப்பியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்கே வழங்கப்பட்டது. வெப்ப நாட்டில் வாழும் துன்பம், கப்பற் பயணம், இங்கிலாந்தில் வளரும் பிள்ளைகளின் செலவு என்று ஐரோப்பியர்க்கு மிகுதியாகத் தருவதற்குக் காரணங்கள் அடுக்கப்பட்டன. இந்தியர் சிக்கனமாக வாழக்கூடியவர் என்பது குறைத்துத் தருவதற்கான காரணம். அதாவது, சம்பளம் வேலைக்கு உரியதன்று, வேலை செய்பவரின் தேவைக்கு உரியது என்பதே அடிப்படை. அந்தத் தேவையை அளந்தவரோ சம்பளம் கொடுப்பவர்.

போஸ் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்று திரும்பியவர். அவருடைய அக்காள் கணவர் ஆனந்த மோகன் போஸ், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ராங்லர் என்னும் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர். அவ்வழியில் அறிமுகமான பொருளியல் அறிஞர் ஹென்றி ஃபாசெட், வைசிராய் ரிப்பனுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். கடிதத்தோடு சென்ற இளைஞரை ரிப்பன் வரவேற்றார். வங்காளக் கல்வித் துறை இயக்குநர் ஆல்ஃபிரட் கிராஃப்ட் வரவேற்கவில்லை. தம்மிடம் வேலை கேட்பவர்கள் கீழிருந்து வருவதே வழக்கம், மேலிருந்து வருவதன்று என்ற கருத்தில் அவர் பேசினார். உயர்நிலைப் பணியில் இடமில்லை, மாகாண நிலையில் வேண்டுமானால் சேரலாம் என்றார். போஸ் அந்த முதல் ஆணையை மறுத்தார். அரசிதழில் அவர் பெயரைக் காணாத ரிப்பன் விளக்கம் கேட்ட பிறகே துறை இறங்கி வந்தது. இறங்கியதும் முழுமையாக இல்லை: உயர்நிலைப் பதவிதான், ஆனால் தற்காலிகம். தற்காலிகப் பணியாளருக்கு உரிய தொகையில் பாதியே கிடைக்கும். மூன்றில் இரண்டில் பாதி. ஆக ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கை உற்றுநோக்கினால், குறைப்பு ஒரே இடத்தில் நிகழவில்லை என்பது விளங்கும். பதவியின் பெயர் உயர்ந்தது. தொகை இரண்டு படிகளில் தேய்ந்தது. இன்றைய வேலை ஆணைகளில் ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று முதற் பக்கத்தில் தடித்த எழுத்தில் காணும் எண், கடைசிப் பக்கத்து அட்டவணையில் நிறுவனத்தின் வருங்கால வைப்புநிதிப் பங்காகவும், பணிக்கொடையாகவும், கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்னும் ஊக்கத்தொகையாகவும் கரைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று.

போஸ் பதவியை ஏற்றார், தொகையை ஏற்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. அதன் 8ஆம் பிரிவின்படி, முன்மொழிவில் கூறிய நிபந்தனையை நிறைவேற்றுவதே அதை ஏற்றதாகும். சட்டப்படி பார்த்தால், வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திய அன்றே அவர் அந்தச் சம்பளத்துக்கு இசைந்துவிட்டார் என்று வாதிட இடமுண்டு. ஆகவே அவர் கையில் இருந்த கருவி சட்டமன்று. வேலையை நிறுத்தியிருந்தால், இந்தியர் உயர்பதவிக்குத் தகுதியற்றவர் என்ற வாதத்துக்கு அது வலுச்சேர்த்திருக்கும். குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு மனு எழுதியிருந்தால், மனு கோப்பில் உறங்கியிருக்கும். வேலையைக் குறைவின்றிச் செய்து பணத்தை மறுத்ததால், ஒவ்வொரு மாதமும் கணக்கேட்டில் தீராத ஒரு பதிவு நின்றது. அரசு அவருக்குக் கடன்பட்டுக்கொண்டே போயிற்று.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரியாக இருந்தபோதும் தேயிலை முதலிய தொழில்களில் பணத்தை இழந்து கடனில் மூழ்கியிருந்தார். மறுப்பு நடந்துகொண்டிருந்த 1887இலேயே போஸுக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் அபலா, பிரம்ம சமாஜச் சீர்திருத்தவாதி துர்காமோகன் தாஸின் மகள். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமல் திரும்பியவர். சம்பளம் வாங்காத கணவரோடு அவர் நடத்திய குடும்பத்தின் வரவு செலவைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசுவதே இல்லை. ஒருவர் கொள்கைக்காகச் சம்பளத்தை மறுக்கும்போது அந்த மறுப்பை வீட்டில் இருந்து தாங்குபவர் யார் என்ற கேள்வி, ஊதிய வரலாற்றில் கேட்கப்படவேண்டிய ஒன்று.

மூன்றாண்டுகளின் முடிவில் கிராஃப்டும் கல்லூரி முதல்வர் சார்லஸ் டானியும் மனம் மாறினர். நியமனம் முன்தேதியிட்டு நிரந்தரமாக்கப்பட்டது; மூன்றாண்டுச் சம்பளம் முழு அளவில் மொத்தமாகக் கிடைத்தது; அப்பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று. இக்கதைக்கு முதன்மைச் சான்று 1920இல் பேட்ரிக் கெடிஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு. கெடிஸ் போஸின் நண்பர். செய்திகளில் பெரும்பகுதி போஸ் வாய்மொழியாகச் சொன்னவையாகவே இருக்கவேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்த உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நம்பவேண்டியதில்லை. ரிப்பன் 1884 டிசம்பரில் பதவியை விட்டு நீங்கினார். அப்படியானால் பரிந்துரையும் அரசிதழ் விசாரணையும் அதற்கு முந்திய சில மாதங்களுக்குள் நெருக்கமாக நடந்திருக்கவேண்டும். சம்பள வேறுபாடு இருந்ததிலோ, போஸ் அதற்குப் பணியாததிலோ ஐயமில்லை.

இரண்டாவது ஆணை பிரபுல்ல சந்திர ராயுடையது. கில்கிறிஸ்ட் உதவித்தொகையில் எடின்பரோ சென்று வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்று, 1888இல் திரும்பினார். இங்கிலாந்திலேயே உயர்நிலைக் கல்விப்பணிக்கு முயன்றும் பயனில்லை. கல்கத்தாவில் ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்தார். அக்காலத்தின் ஒரு பகுதியைப் போஸின் வீட்டில் கழித்தார். 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியராக மாதம் 250 ரூபாய்க்கு ஆணை வந்தது. தம் தகுதிக்கு இது நேர்மையற்றது என்று எடுத்துரைக்க அவர் டார்ஜிலிங் சென்று கிராஃப்டைக் கண்டார். வாழ்க்கையில் வேறு வழிகளும் உண்டு, இந்தப் பதவியை ஏற்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்னும் பொருள்பட அவர் விடையளித்ததை, ராய் தம் தன்வரலாற்றில் ஆறாத வடுவோடு பதிந்திருக்கிறார். அதே இயக்குநர், சற்று முன்புதான் போஸிடம் தோற்றவர். அந்தத் தோல்வி அவரை இளக்கியதாகத் தெரியவில்லை.

ராய் ஏற்றுக்கொண்டார். இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லார். ஆனால் போஸால் முடிந்தது அவரால் ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். போஸுக்கு வைசிராய் அளவில் ஒரு பெயர் பின்னால் நின்றது. ராய்க்கு அது இல்லை. போஸ் மறுத்தது வேலைக்குள் நுழைந்த பிறகு. ராய் ஓராண்டு வெளியே நின்று களைத்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேதியியலாளருக்கு ஆய்வகம் வேண்டும். அரசுக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஈடான மாற்று வேறெங்கும் எளிதில் கிட்டாது. வேறு வழிகள் உண்டு என்று கிராஃப்ட் சொன்னது, அவை இல்லை என்று இருவருக்கும் தெரிந்ததால்தான். பேரம் என்பது பேச்சுத் திறமையன்று, மறுத்துவிட்டு எத்தனை மாதம் தாங்கமுடியும் என்பதே என்று தொழிலாளர் வரலாறு படிப்பவர் அறிவர். 1889ஆம் ஆண்டு ராயின் கணக்கில் அந்த மாதங்கள் ஏற்கெனவே செலவாகியிருந்தன.

அவர் வேறு வழியைப் பிறகு தாமே அமைத்தார். 1892இல் ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த முதலோடு தொடங்கிய மருந்துத் தொழில், 1901இல் பெங்கால் கெமிக்கல் என்ற வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. படித்த வங்காள இளைஞர் எழுத்தர் வேலைக்கு அலைவதைக் கண்டு மனம் வெதும்பியவர் அவர். அந்த வெதும்பலில் டார்ஜிலிங் நினைவும் கலந்திருக்கக்கூடும். இதற்கிடையில் 1886இல் அமைந்த அய்ச்சிசன் ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1896இல் கல்விப்பணி முறையாகவே இரண்டாகப் பிரிந்தது. இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு ஒரு பணி, இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு மாகாணப் பணி. போஸ் தனிமனிதராக உடைத்ததை அரசு விதியாக மீண்டும் கட்டிவிட்டது. தனிப்பேரத்தின் எல்லை இதுவே.

கல்லூரித் தெருவில் நடந்ததே கிளைவ் தெரு வணிக நிறுவனங்களிலும் நடந்தது. லண்டனில் ஒப்பந்தமிட்டு வந்த உதவியாளருக்கு வீடும், கப்பற் கட்டணமும், தாயக விடுப்பும். கணக்கெழுதும் இந்தியருக்கு மாதக் கூலி. இங்கிலாந்தில் பட்டயக் கணக்கராகப் பயின்ற பிரகாஷ் டாண்டன் 1937இல் யூனிலீவரின் இந்திய நிறுவனத்தில் சேர்ந்து, 1961இல் இந்துஸ்தான் லீவரின் முதல் இந்தியத் தலைவரானார். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் நாடே மாறவேண்டியிருந்தது.

மூன்றாவது ஆணை, இவற்றுக்கு நேர்மாறானது. நிதித் துறைத் தேர்வில் முதலிடம் பெற்று 1907இல் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகச் சேர்ந்த சந்திரசேகர வேங்கட ராமன், காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்துவந்தார். தாரக்நாத் பாலித்தின் கொடையால் அமைந்த இயற்பியல் பேராசிரியர் பதவியை அசுதோஷ் முகர்ஜி அவருக்கு அளிக்க முன்வந்தார். நிதித் துறையில் அவர் பெற்றது மாதம் 1100 ரூபாய். பல்கலைக்கழகம் தரவிருந்தது 600 என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இந்தக் கதையும் தியாகக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ராமன் பேரம் பேசாதவர் அல்லர். தொகையைப் பற்றி வாதிடாமல் நிபந்தனைகளைப் பற்றி வாதிட்டார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பது கொடையின் விதி. அதற்காகக் கடல் கடக்கமுடியாது என்றார். பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்தது. ஆய்வே முதற்கடமை என்பதும் உறுதியாயிற்று. கழகத்தின் ஆய்வகமும் கையை விட்டுப் போகவில்லை. 1917இல் அவர் பதவியேற்றார். 1928 பிப்ரவரியில் ஒளிச்சிதறல் கண்டறியப்பட்டது அந்தக் கழகத்தில்தான். பாதிச் சம்பளத்துக்கு அவர் வாங்கிய பொருள் எது என்பது அப்போது தெரிந்தது. நிரந்தர வேலையில் இருந்துகொண்டு பேசியவர் அவர் என்பதையும் மறக்கலாகாது. மறுத்திருந்தாலும் மறுமாதம் 1100 ரூபாய் வந்திருக்கும்.

போஸின் மூன்றில் ஒரு பங்கு, தற்காலிகம் என்ற ஒரு சொல்லால் வந்தது. அந்தச் சொல் இன்னும் கல்லூரிகளை விட்டுப் போகவில்லை. தற்காலிக ஊழியர்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் 2016இல் தீர்ப்பளித்தது. தொகுப்பூதியத்தில் ஒரே பாடத்தை நடத்தும் கௌரவ விரிவுரையாளர்கள் அத்தீர்ப்பின் நகலை மனுக்களோடு இணைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ராய் 1916இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியலுக்கான பாலித் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ராமன் அங்கே இயற்பியலுக்கு வந்தார். 1921இல் அறுபது வயது நிறைந்தபோது, அதன்பின் தமக்கு வரும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்தார். கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையிலேயே வாழ்ந்துகொண்டு, 1936 வரை அங்கே பணிபுரிந்தார்.