மிடில்செக்ஸ் அணியில் ஓர் இலங்கையர்



மாலை வேளைகளில் நீர்வேலியின் செம்மண் தோட்டங்களை அடுத்த வெளிகளிலே சிறுவர்கள் பனைமட்டையைக் கையிலேந்திப் பந்தடிப்பதைக் கண்டிருப்பீர்கள். துடுப்பாட்டம் நம் குடாநாட்டிற்குப் புதியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதற் களத்திலே சந்தித்து வருகின்றன. ஆயினும், அவ்விளையாட்டின் தாயகமாகிய இங்கிலாந்தில் கவுண்டி அணியொன்றிற்கு ஆடிய முதல் இலங்கையர் யாவர் என வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே.

அவர்தாம் டாக்டர் சேர்ச்சில் ஹெக்டர் குணசேகரா. 1894ஆம் ஆண்டு பிறந்த இவர் கொழும்பு றோயல் கல்லூரியின் மாணவர்.

முதல் உலகப் போரினால் 1915 முதல் 1918 வரை கவுண்டிப் போட்டிகள் நடைபெறவில்லை. அவை மீண்டும் தொடங்கிய 1919ஆம் ஆண்டிலே குணசேகரா மிடில்செக்ஸ் அணியிற் சேர்ந்தார். 1922 வரை அவ்வணிக்கு ஆடினார். பந்துவீச்சிலும் துடுப்பாட்டத்திலும் பங்காற்றிய அவர் களத்தடுப்பில் தனிப் பெயர் பெற்றார். 1920, 1921 ஆகிய இரு ஆண்டுகளிலும் மிடில்செக்ஸ் அணியே வெற்றி வாகை சூடியது. 1920ஆம் ஆண்டின் தலைவர் பெல்ஹாம் வோர்னர். அதுவே அவரது இறுதிப் பருவம். லோட்ஸ் மைதானத்திலே சறே அணியை 55 ஓட்டங்களால் வென்று, அவர் பெருமையோடு விடைபெற்றார்.

அக்கால இங்கிலாந்திலே ஊதியம் பெறும் ஆட்டக்காரர் ஒரு வகுப்பு. ஊதியம் பெறாத கனவான்கள் மற்றொரு வகுப்பு. மைதானத்துள் நுழையும் வாயில்கூட வேறு. 1962ஆம் ஆண்டிலேதான் அப்பாகுபாடு ஒழிக்கப்பட்டது. அத்தகைய வேலிகள் நிறைந்த உலகிலே, குடியேற்ற நாடொன்றிலிருந்து சென்ற ஓர் இளைஞர் தமக்கென இடம் தேடிக்கொண்டது சிறிய செயலன்று.

தாயகம் திரும்பிய குணசேகரா, 1932–33ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்தியா சென்ற இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். எனினும், டெஸ்ட் போட்டியில் ஆடும் உரிமை அன்று இலங்கைக்கு இருக்கவில்லை. ரஞ்சித்சிங்ஜி டெஸ்ட் ஆடியதும் இங்கிலாந்தின் பெயரிலேயே அல்லவா? 1948ஆம் ஆண்டு கொழும்பிலே பிராட்மன் அணியை எதிர்த்து இலங்கைக்குத் தலைமை தாங்கிய தமிழர் மகாதேவன் சதாசிவத்திற்கும் அப்பேறு கிட்டவில்லை. ஆற்றல் இருந்தது, ஆடுவதற்குக் களமும் இருந்தது, தம் நாட்டின் பெயரால் டெஸ்ட் ஆடும் உரிமை மட்டும் இருக்கவில்லை.

1982 பெப்ரவரி 17ஆம் நாள் கொழும்பிலே இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. எதிர்த்து நின்றது இங்கிலாந்து. குணசேகரா மறைந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் நெருங்கியிருந்தன. விதைத்தவர் விளைச்சலைக் காணாது போவது தோட்டக்காரர்களாகிய நமக்குப் புதியதன்று. ஆனால், விதைத்தவரின் பெயரையேனும் மறவாதிருத்தல் நம் கடனாகும்.