சூலகக் கட்டியும் நோவும்: டன்வில் நகரச் சத்திரசிகிச்சை, 1809

1809 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஜேன் ரொட் குறோபோட் என்ற பெண்மணி வயிறு பெருத்து, பிரசவ வேதனையை ஒத்த நோவினால் வருந்தினார். முன்னர் பார்வையிட்ட வைத்தியர் இருவர் அவரை நிறைமாதக் கர்ப்பிணி என்றே கருதினர். டன்வில் நகரிலிருந்து வந்த எவ்ரயிம் மக்டவல், கருப்பை வெறுமையாயிருத்தலைச் சோதித்தறிந்து, சூலகக் கட்டியே எனத் துணிந்தார்.

இத்தகைய நோவு எவ்வாறு எழுகின்றது? உள்ளுறுப்புக்கள் வெட்டுப்படுவதிலும் பார்க்க இழுபடுவதையும் குருதியோட்டம் தடைப்படுவதையுமே கூர்மையாக உணர்வன. நீர்ப்பை பெருக்கும்போது சூலகத்தின் உறை இழுபடுகின்றது. சிறுநீர்ப்பையும் குடலும் நெருக்குண்கின்றன. சூலகம் கட்டியோடு சேர்ந்து முறுகுமாயின் குருதி தடைப்பட்டுத் திடீரெனக் கடுநோவு தோன்றும். கட்டி வெடிக்குமாயின் கசியும் நீரும் குருதியும் வயிற்றறைச் சவ்வை உறுத்தும். மாதவிடாய்ச் சுழற்சியோடு தோன்றும் கட்டிகளோ பெரும்பாலும் நோவின்றியே சில மாதங்களில் மறைந்துவிடுவன. குறோபோட்டின் கட்டி அவ்வகையினதன்று.

எடின்பரோவில் ஜோன் பெல்லிடம் பயின்றவரான மக்டவல், ஆபத்தை மறையாது எடுத்துரைத்தார். பரிசோதனையே என அறிந்தும் அப்பெண்மணி இசைந்து, 60 மைல் தூரம் குதிரைமீது டன்வில் சென்றார். ஈதர் மயக்கம் 1846இலேயே பகிரங்கமாகச் செய்துகாட்டப்பட்டது என்பதை நினைவிற் கொண்டாலன்றி அவரது துணிவை அளவிட முடியாது. 9 அங்குல வெட்டின் வழியே கட்டியிலிருந்து 15 இறாத்தல் கூழ்ப்பொருள் வெளியேற்றப்பட்டது. பின்னர் அகற்றப்பட்ட பை 7½ இறாத்தல் நிறையுடையது. 25 நிமிடங்களில் யாவும் முடிந்தன. ஐந்தாம் நாள் அவர் தமது படுக்கையைத் தாமே சீர்செய்துகொண்டிருக்கக் கண்டார் வைத்தியர். 1842 வரை அவர் வாழ்ந்தார்.

1817இல் மக்டவலின் அறிக்கை பிலடெல்பியாவில் வெளியாயிற்று. இலண்டன் மருத்துவ ஏடொன்றின் ஆசிரியர் அதனை முதலில் எள்ளி நகையாடிப் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். வைத்திய வரலாற்று நூல்கள் இச்சம்பவத்தைச் சுவைபடக் கூறுகின்றன. அதே அறிக்கையிலுள்ள ஏனைய இரு நோயாளரைப் பற்றி அவை பேசுவது குறைவு. அவ்விருவரும் கறுப்பினப் பெண்கள். குறோபோட்டின் பெயர் குறிக்கப்பட்ட அறிக்கையில் அவர்களுக்குப் பெயரில்லை. அவர்களுள் ஒருவர் நோவினால் வழமையான வேலைகளைச் செய்ய இயலாதிருந்தார். கட்டி அசையாதிருந்தமையால் மக்டவல் முதலிற் சத்திரசிகிச்சையை விரும்பவில்லை. அவளது துயர நிலையையும் எசமானின் வற்புறுத்தலையும் கண்டே உடன்பட்டதாக எழுதுகிறார். அவள் இசைந்தாளா என்பது பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை.