படுக்கை விரிப்பும் வடிகஞ்சியும்

வீட்டுல படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுறது நம்ம பக்கம் பிந்தி வந்த பழக்கம். மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு அமெரிக்காவுல ஹென்றி சீலி காப்புரிமை வாங்கினது 1882-ல். கும்பகோணத்தைச் சுத்தியுள்ள கிராமங்களுக்கு அது வந்து சேர ரொம்ப காலம் ஆச்சு. அதுவரை கொட்டாங்குச்சிக் கரி போட்ட பெட்டிதான், அதுவும் சலவைத் தொழிலாளி வீட்டுலதான். அவசரத்துக்குப் பித்தளைச் சொம்புல தணலைப் போட்டுத் தேய்ச்சுக்குவாங்க.

ஆனா கஞ்சி போடுறது ரொம்பப் பழசு. குறுந்தொகையிலயே ஒரு சலவைப் பெண் துணியைப் பசையில தோய்ச்சு, அடிச்சு, குளத்துல போடுறா. நெல் விளையுற ஊருல பசைக்கா பஞ்சம்? வடிகஞ்சியில தண்ணி ஊத்தி நீர்க்க வச்சு, விரிப்பை முக்கிக் காயப்போட்டு, லேசா ஈரம் இருக்கையிலேயே நாலா மடிச்சுத் தேய்க்கணும். நல்லா காஞ்சுட்டா சுருக்கம் லேசுல போகாது. குக்கர் வந்தப்புறம் கஞ்சி வடிக்கிற வீடே குறைஞ்சுபோச்சு.

வெளுத்துத் தந்தவங்களுக்குக் கூலி காசா வரல. அறுவடை சமயம் களத்துல நெல்லா அளந்தாங்க. அளக்கிறவங்க மனசு வச்சதுதான் அளவு. அதை 'உறவு'ன்னு சில பேர் இப்ப பெருமையா பேசுறாங்க. வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போனவங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. அறுவடை மெஷின் வந்ததும் களம் போச்சு, அந்த நெல்லும் நின்னுச்சு. பிள்ளைங்க படிச்சு டவுனுக்குப் போயிட்டாங்க. இப்ப அவங்கவங்க விரிப்பை அவங்கவங்களே தேய்ச்சுக்கிறோம், கரண்டு இருந்தா.